நால்வர் ஏறிய வண்டி: மும்பைப் பழைய டாக்ஸிகளின் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் மன்றங்களிலும் மட்டுமே தேடுவோர் பாதி வரலாற்றையே காண்பர். மறுபாதி, அந்நகரத்துத் தெருக்களில் உருண்ட சக்கரங்களில் இருக்கிறது. யார் எதில் ஏறினார்கள், என்ன கட்டணம் கொடுத்தார்கள், யாருக்கு அருகில் யார் அமர்ந்தார்கள் என்று ஆராய்ந்தால், அந்நகர மக்கள் வாழ்ந்த விதம் தெரிந்துவிடும்.

மும்பை மாநகரில் 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் ஒரு வரலாறு முடிவுற்றது. கரிய உடலும் மஞ்சள் தலையும் கொண்டு, ஏறக்குறைய 60 ஆண்டுகள் இந்நகரத்துச் சாலைகளில் ஓடிய பிரீமியர் பத்மினி என்னும் டாக்ஸி வண்டி அன்றோடு சட்டப்படி ஓய்வு பெற்றது. அவ்வகை வண்டிகளுள் கடைசியாக டாக்ஸியாகப் பதிவு பெற்றது 2003ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று, தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாயிற்று. டாக்ஸிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பை அதுவும் எட்டிவிட்டது. பத்திரிகைகள் ஓரிரு நாள் எழுதின. பின்னர் நகரம் தன் வழியே போய்விட்டது.

இதை எழுதும் அடியேன் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆயினும் கோப்புகளைப் புரட்டும் தொழில் உடையவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் ஓய்வு பெற்றாலும், அது எப்போது வந்தது, எப்படி உழைத்தது, ஏன் போயிற்று என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால்தான் அவன் மனம் அமையும். அத்தகைய குறிப்பே இக்கட்டுரை.

குதிரை வண்டிக்குப் பின்

பம்பாயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் புகைவண்டி ஓடியதை நம்மில் பலர் அறிவர். புகைவண்டி நிலையம் வரை கொண்டுவந்து விட்டது; நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போவது எங்ஙனம்? செல்வர்க்கு விக்டோரியா எனப்படும் குதிரை வண்டி இருந்தது. ஏனையோர்க்குக் காலே துணை. 1874இல் குதிரை இழுக்கும் டிராம் வண்டிகளும், 1907இல் மின்சார டிராம் வண்டிகளும் வந்தன. 1926இல் பேருந்து வந்தது. இவற்றுக்கிடையே, 1911ஆம் ஆண்டில் மோட்டார் டாக்ஸி பம்பாயில் அடியெடுத்து வைத்தது.

தொடக்க காலத்து டாக்ஸிகள் எல்லாம் வெளிநாட்டு வண்டிகள். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் குழுமம் 1928இல் பம்பாய்ச் சேவ்ரியில் ஒரு கூடத்தை நிறுவி, பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி வண்டிகளாக்கி விற்றது. செவர்லே, டாட்ஜ், பிளிமத் முதலிய பெரும் கார்கள் ஓடிய காலம் அது. நம் ஊர்களில் காரைப் ‘பிளஷர்’ என்று அழைத்த காலமும் அதுவே. இன்பத்துக்காக ஏறுவது என்ற பொருளில் அப்பெயர் வந்தது. உழைப்பாளி ஒருவன் வேலைக்குப் போவதற்குக் காரில் ஏறுவான் என்று அந்நாளில் எவரும் எண்ணியிரார்.

குர்லாவில் பிறந்த வண்டி

அந்த நிலையை மாற்றிய வண்டி நம் செம்பூருக்கு அண்டையிலுள்ள குர்லாவில் பிறந்தது. கப்பலும் விமானமும் இந்நாட்டிலேயே கட்டப்பட வேண்டும் என்று கனவு கண்டு, அதற்கான தொழிற்சாலைகளையும் தொடங்கி வைத்த வால்சந்த் ஹீராசந்த் அவர்கள், 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தினார். முதலில் அமெரிக்க வண்டிகளைப் பூட்டிய இந்நிறுவனம், பின்னர் இத்தாலி நாட்டு ஃபியட் நிறுவனத்தோடு உடன்பாடு கொண்டது.

1953ஆம் ஆண்டையொட்டி மைய அரசு ஒரு முடிவு செய்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவோர்க்கு இனி இடமில்லை. படிப்படியாக இந்நாட்டிலேயே உற்பத்தி செய்வோர்க்கே உரிமம் என்பது அம்முடிவு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எஞ்சிய கார் உற்பத்தியாளர் மிகச் சிலரே. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் அம்பாசடர், சென்னையில் ஸ்டாண்டர்டு, பம்பாயில் ஃபியட் என்று ஆயிற்று.

1954 முதல் ஃபியட் 1100 என்னும் வண்டி குர்லாவிலிருந்து வெளிவந்தது. 1964இல் அதன் திருத்திய உருவமான 1100 டிலைட் வந்தது. அதே வண்டிக்கு 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் சூட்டினர். சித்தூர் அரசியின் பெயர் அது. ஆயின் நம் தமிழ்ச் சிறுவர் பலரும் அதை நாட்டியப் பேரொளியின் பெயர் என்றே நெடுநாள் நம்பி வந்தனர்!

வண்டியின் அமைப்பு எளியது. நான்கு கதவு, 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் இயந்திரம், பின்புறம் மாட்டு வண்டிக்காரனும் புரிந்துகொள்ளத்தக்க பட்டை வில்கள். கியர்க் கோல் தரையில் இராமல் ஸ்டீயரிங்கின் தண்டிலேயே இருந்தது. இதனால் ஓட்டுநருக்கு அருகில் இடம் தடையின்றி விரிந்து கிடந்தது. இந்தச் சிறு வசதியே பின்னாளில் கூட்டுப் பயணத்துக்குப் பேருதவி செய்தது.

அவ்வண்டி உறுதியானது என்று இன்றும் பெரியோர் சொல்வர். அவ்வுறுதி எதனால் வந்தது? இரும்பின் கனத்தால் மட்டும் என்று எண்ணுதல் பொருந்தாது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய வகைகள் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அடிப்படையில் மாறாமலே இருந்தது. ஆகவே ஒரு வண்டியின் பாகம் பெரும்பாலும் மற்றொரு வண்டிக்குப் பொருந்தியது. அதன் நோயும் மருந்தும் தெருவோர மெக்கானிக்குக்கு மனப்பாடம். குர்லாவின் உதிரிப் பாகக் கடைகளில் கிடைக்காத உறுப்பு இல்லை. கிடைக்காவிடினும் அடித்து, வளைத்து, பற்றவைத்து உருவாக்கும் கைகள் இந்நகரில் இருந்தன. மாற்றம் இல்லாமை வாங்குவோர்க்குக் குறை. ஓட்டுவோர்க்கோ அதுவே வரம்.

இரயில்வேயில் இருப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். 1915இல் தொடங்கப்பட்ட நம் மாதுங்காப் பணிமனையில், குறித்த காலத்துக்கு ஒருமுறை பெட்டிகளைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டி அனுப்புகின்றனர். பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 முதல் கட்டிய பெட்டிகளுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 25 ஆண்டு. அத்தனை ஆண்டும் அவை உழைப்பது பழுது பார்ப்பவன் கையால். டாக்ஸியும் அவ்வாறே உழைத்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. இன்று விரைவு வண்டிகளில் ஓடும் புதுவகைப் பெட்டிகளின் அடியிலுள்ள சக்கரச் சட்டகத்துக்கு இரயில்வேயில் வழங்கும் பெயரும் ஃபியட் என்பதே. சாலையில் மறைந்த பெயர் தண்டவாளத்தின் மேல் வாழ்கிறது.

பகிர்ந்து ஏறும் வழக்கம்

டாக்ஸியில் தனியே ஏறுதல் சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. நால்வர் சேர்ந்தால்? கணக்கைப் பாருங்கள். மீட்டரில் வரக்கூடிய கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆளுக்கு ஆள் கொடுத்தால், பயணிக்கு மூன்றில் இரு பங்கு மிச்சம். ஓட்டுநருக்கோ மீட்டர்க் கட்டணத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இரு சாராரும் இலாபம் பெறும் வாணிகம் உலகில் அரிது. ஷேர் டாக்ஸி அத்தகைய வாணிகம்.

சர்ச்கேட் நிலையத்திலிருந்து நரிமன் முனைக்குச் செல்லும் ஷேர் டாக்ஸி வரிசையைப் பலர் கண்டிருப்பர். கடலைத் தூர்த்து எழுப்பிய நரிமன் முனையில் 1970களில் உயர்ந்த அலுவலக மாடிகள் பெருகின. நிலையத்தில் இறங்கி நடந்தால் நேரம் போகும். பேருந்து வர நேரம் ஆகும். டாக்ஸிக்காரரோ ஊர்ப்பெயரைக் கூவி அழைப்பார். முன்னே ஒருவர், பின்னே மூவர். நால்வர் நிறைந்ததும் வண்டி புறப்படும். மீட்டரின் கொடியைத் தாழ்த்த வேண்டுவதில்லை. சில்லறை பின்னிருக்கையிலிருந்து கைமாறி முன்னே செல்லும். மிச்சம் அவ்வாறே திரும்பி வரும். ஒருவர் பெயரை மற்றவர் அறியார். ஆயினும் காசில் பிசகு நேர்ந்து நான் கண்டதில்லை.

நெடுந்தூரக் கூட்டுப் பயணத்துக்குத் தாதர் – புணே டாக்ஸிகள் பேர் பெற்றவை. 1930 முதல் ஓடும் டெக்கான் குவீனில் இடம் கிட்டாதவர் தாதரில் டாக்ஸி ஏறுவர். 2002இல் விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை பழைய சாலையே வழி. போர்க் கணவாய் ஏற்றத்தில் சிறிய இயந்திரம் மூச்சு வாங்கும், நீர் கொதிக்கும். ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து, ஆற விட்டு, நீர் ஊற்றுவார். வெள்ளையர்க்கு மலைவழி காட்டியபின் உயிரிழந்தவன் என்று கதை வழங்கும் சிங்ரோபா என்னும் இடையனின் கோவில் வழியில் உண்டு. அங்கே காசு இடாமல் ஏறும் ஓட்டுநர் அரியர். முன்பின் அறியாத நால்வர் அந்த இடைவேளையில் தேநீர் குடித்து, புணே சேருமுன் உறவு முறை விசாரிக்கும் அளவுக்கு நெருங்கிவிடுவர்.

உலகெங்கும் ஒரே கதை

இவ்வழக்கம் பம்பாய்க்கு மட்டும் உரியது அன்று. 1914இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சொந்தக் கார் வைத்திருந்தோர் ஐந்து சென்ட் காசுக்கு ஆள் ஏற்றத் தொடங்கினர். அந்தக் காசின் கொச்சைப் பெயரே வண்டிக்கும் பெயராகி ‘ஜிட்னி’ ஆயிற்று. மெக்சிகோவில் ஒரு பெசோ கட்டணம் வாங்கியது ‘பெசேரோ’. துருக்கியிலோ அதன் பெயர் ‘தோல்முஷ்’. ‘நிரம்பியது’ என்பது பொருள். ஒரு நாட்டார் காசைக் கண்டு பெயரிட்டனர். மற்றொரு நாட்டார் வண்டி நிறைந்ததைக் கண்டு பெயரிட்டனர். இரண்டும் சேர்ந்ததே ஷேர் டாக்ஸி.

வியப்பு என்னவெனில், இத்தொழிலுக்கு எங்கும் பழைய உறுதியான வண்டியே அமைந்தது. கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள், மொராக்கோவில் ஆறு பேரை ஏற்றிய பழைய மெர்சிடிஸ் கார்கள், பிலிப்பைன்ஸில் உலகப் போர் விட்டுச் சென்ற ஜீப்பிலிருந்து உருவான ஜீப்னி ஆகியவை சான்று. நம் இனத்தார் வாழும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கில நாட்டு ஆஸ்டின் ஏ40 கார்கள் வாடகை வண்டிகளாக ஓடின. 1990களில் போர்க்காலத்து எரிபொருள் தடையில் பெட்ரோல் கிட்டாதபோது, சில துளி பெட்ரோலால் இயந்திரத்தைத் தூண்டி, பின்னர் மண்ணெண்ணெயில் அவ்வண்டிகளை ஓட்டினர் அம்மக்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதுவே வழி. புதிய நுட்பம் நிறைந்த வண்டியில் இது கூடுமா? எளிய வண்டி ஏழையின் இடுக்கண் அறிந்து வளைந்து கொடுத்தது.

நம்மவர் வாழ்வில்

மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் வாழும் தமிழர்க்கு இவ்வண்டியோடு தனி உறவு உண்டு. ஆட்டோ ரிக்ஷாக்கள் மாஹிம், சயான் எல்லையைத் தாண்டித் தீவு நகருக்குள் வர அனுமதி இல்லை. தாராவி அவ்வெல்லையின் மேலேயே அமைந்தது. எனவே அவ்விடத்திலிருந்து தெற்கே போக வேண்டுவோர்க்கு வாடகை வண்டி என்றால் டாக்ஸி ஒன்றே.

கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் காட்சியை நம் தலைமுறையினர் மறக்க இயலாது. மதராஸ் மெயில் தாதரில் வந்து நிற்கும். இரும்புப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய்ச் சாடி, அரிசி மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் இறங்கும். எங்கள் தந்தையார் கையில் மிஞ்சிய பணத்தை எண்ணிப் பார்ப்பார். அதே வண்டியில் வந்த செம்பூர்க்காரர் ஒருவரும் தம் பணத்தை எண்ணுவார். பிறகு, “அண்ணாச்சி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே வண்டி போதுமே” என்பார் ஒருவர். மற்றவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் தலையசைப்பார்.

சாமான் எல்லாம் வண்டியின் தலைமேல் உள்ள கம்பிச் சட்டத்தில் ஏறும். ஓட்டுநர் கயிற்றை இழுத்து முடிபோடும் திறமையைக் கப்பலோட்டியும் மெச்சுவான். நால்வர்க்கே இடம் என்பது சட்டம். மடியில் அமரும் குழந்தைகளைச் சட்டம் எண்ணவில்லை என்பது ஓட்டுநர்கள் கண்ட உரை. ஒருமுறை அவ்வண்டியில் மடியும் மடிமேல் மடியுமாக எட்டுப் பேர் செம்பூர் சேர்ந்தோம். கட்டணத்தைப் பிரிக்கும்போது எங்கள் தந்தையாரும் அந்த அண்ணாச்சியும் ஒருவர்க்கொருவர் அதிகம் கொடுக்க முற்பட்டுச் சச்சரவிட்டனர். ஓட்டுநர் உத்தரப் பிரதேசத்தவர். மொழி புரியாமல் இது பெருஞ்சண்டை என்று அஞ்சிச் சமாதானம் செய்ய வந்தார்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. புகைவண்டிகள் நின்றன. தாதரிலிருந்து செம்பூருக்கு நான் நடந்தே சென்றேன். சயானுக்கு அருகில் நீரில் நின்றுபோன டாக்ஸி ஒன்றைக் கண்டேன். முழங்கால் அளவு நீரில் ஓட்டுநர் வெளியே நின்றார். உள்ளே மூன்று பெண்களும் இரு குழந்தைகளும் இருந்தனர். வண்டி ஓடாதபோதும் அது அன்று ஐவர்க்கு வீடாயிற்று. அவ்வோட்டுநரின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் அதைப் பெரிதாக எண்ணியிரார்.

ஓட்டியவர்கள்

வண்டியைப் பாடிவிட்டு ஓட்டியவரை மறத்தல் அறம் ஆகாது. வடநாட்டார், பஞ்சாபியர், கொங்கணத்தார், தென்னாட்டார் என எல்லாத் திசையினரும் இத்தொழிலில் இருந்தனர். சொந்த வண்டி உடையவர் சிலர்; முறைவைத்து வாடகை கட்டி ஓட்டியவர் பலர். பகல் முழுதும் ஓட்டியவர் இரவில் அதே வண்டியில் உறங்கியதும் உண்டு. கூரையின் உட்புறம் பூப்போட்ட துணி ஒட்டி, முகப்பில் தெய்வப் படம் வைத்து, அதைத் தம் இல்லமாகவே பேணினர்.

இவர்களை ஒன்றுதிரட்டியவர்களுள் தலையாயவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். இவரே 1974 மே 8 முதல் 27 வரை நடந்த இரயில்வேத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் என்பதை நம் இரயில்வே அன்பர்கள் அறிவர். தண்டவாளத்துத் தொழிலாளியும் சாலைத் தொழிலாளியும் ஒரே தலைவரின் குரலைக் கேட்டனர். டாக்ஸி ஓட்டுநர் போன்ற உழைப்பாளர்க்குக் கடன் கிடைக்கவேண்டி, 1968இல் அவர் முயற்சியால் பம்பாய்த் தொழிலாளர் கூட்டுறவு வங்கியும் தோன்றியது. நால்வர் கூடி வண்டியேறுவதும் பலர் கூடி வங்கி அமைப்பதும் ஒரே நெறியின் இரு கிளைகள் அன்றோ? ஊர் கூடித் தேர் இழுத்தவர் நம் முன்னோர்.

முதுமையும் முடிவும்

1983 டிசம்பரில் மாருதி கார் வந்தது. 1991க்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் பல வந்தன. 1990களில் சுமார் 60,000 டாக்ஸிகள் ஓடிய நகரில் பத்மினியே பெரும்பான்மை. ஆயினும் தனியார் அதை வாங்குவது குறைந்துவிட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி உற்பத்தி நின்றது. குர்லா ஆலை நிலத்திலும் குடியிருப்புகள் எழுந்தன.

டாக்ஸிகளோ அதன் பின்னும் ஓடின. புகை பற்றிய வழக்குகளில் உயர்நீதிமன்றம் ஆணையிட, பெட்ரோல், டீசல் வண்டிகள் எரிவாயுவுக்கு மாறின. வாயு உருளை பின்பெட்டியை அடைத்துக்கொள்ள, சாமான் முழுதும் தலைமேல் ஏறிற்று. 2008இல் டாக்ஸிகளின் வயது வரம்பு 25 ஆண்டு எனவும், 2013இல் 20 ஆண்டு எனவும் வகுக்கப்பட்டது. இவ்விதியைக் குறை சொல்வதற்கில்லை. பழைய இயந்திரத்தின் புகை நகரத்துக் குழந்தைகளின் நெஞ்சில் சேர்வது நன்றோ? மழைக்காலத்தில் ஒழுகிய கதவையும், கோடையில் கொதித்த இருக்கையையும் நாம் மறந்துவிட்டு, இனிமையை மட்டும் நினைப்பது மனித இயல்பு. வண்டி ஓய்வு பெற்றது முறையே.

ஆனால் வண்டியோடு ஓய்வு பெறக்கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, கெட்டதை எறியாமல் செப்பம் செய்து வாழும் கைத்திறன். மற்றொன்று, அறியாதவரோடு இடத்தையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் மனம். இன்றும் ஷேர் டாக்ஸிகள் புதுவகை வண்டிகளில் ஓடுகின்றன. ஆயின் கைப்பேசியில் வண்டி அழைத்து, தனியே ஏறி, பேசாமல் இறங்கும் வழக்கம் வளர்கிறது. ஒருவர்க்கு ஒரு வண்டி என்று ஆனால் சாலை நிறையும்; மனம் வெறுமையாகும்.

நாம் செய்யத்தக்கது

ஒரு பத்மினி டாக்ஸியையேனும் காட்சிப் பொருளாகப் பாதுகாக்க வேண்டும் என்று டாக்ஸித் தொழிற்சங்கத்தினர் அரசை வேண்டினர். 1964 மார்ச் 31 அன்று டிராம் வண்டி நின்றபோது அதில் பயணம் செய்த முதியோர் பலர் நம்மிடையே இருந்தனர். அவர்கள் சொன்னதை எத்தனை பேர் எழுதி வைத்தோம்? பத்மினிக்கும் அந்நிலை வரலாகாது.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் அவ்வண்டியை ஓட்டியவரும், அதன் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவரும், அதில் மணப்பெண்ணாக வந்திறங்கியவரும், மகப்பேற்றுக்கு விரைந்தவரும் இன்றும் உள்ளனர். நம் சங்க இளைஞர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு முதியவரைக் கண்டு, அவர் நினைவை ஒரு பக்கம் எழுதி வாங்குவாராக. வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் நிழற்படங்களைத் திரட்டுவாராக. அடுத்த ஆண்டு மலருக்குள் ஐம்பது பக்கம் சேர்ந்தாலும், இந்நகரில் தமிழர் வாழ்ந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஆகும். அரசு ஒரு வண்டியைக் காக்கலாம். அதில் யார் யார் அருகருகே அமர்ந்து வந்தார்கள் என்பதைக் காக்கும் கடன் நம்முடையது.